பழைய மாசி ஃபெர்குசன் 35: இடது பிரேக்கில் எண்ணெய், யோசனை வேண்டும்

வணக்கம். அப்பா வாங்கிய மாசி ஃபெர்குசன் 35 டிராக்டர் இன்னும் எங்கள் காட்டில் உழுகிறது. சென்னையில் 1960-ல் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கிய பிறகு நம் ஊர்களுக்குப் பழக்கமான வண்டி. எடைக்குப் போட மனம் வரவில்லை, எப்படியாவது சரி செய்ய வேண்டும்.

இடது, வலது பிரேக் பெடல் இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்த்து மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. இடது டிரம்மைக் கழற்றினால் ஷூ முழுக்க எண்ணெய். ஷூ மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேயாமல் கனமாகத்தான் இருக்கிறது. வயதான ஆயில் சீல் வழியாகப் பின் ஆக்சில் எண்ணெய் உள்ளே வருகிறது என்று நினைக்கிறேன். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவினாலும் சூடானதும் மறுபடி கசியும். அதனால் இரண்டு பக்கமும் புதிதாகவே அடிக்கப் போகிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: உள் சீலை மாற்ற, ஆக்சில் ஷாஃப்டை பேரிங்கோடு அப்படியே இழுத்தால் போதுமா? இங்குள்ள மெக்கானிக் பேரிங்கைப் பிடித்திருக்கும் காலர் வளையத்தை வெட்டியே ஆக வேண்டும் என்கிறார். அப்புறம், ஆக்சில் ஆட்டத்தைச் சரிசெய்யும் ஷிம் தகடுகளை இருந்தபடியே திருப்பிப் போடலாமா, ஆட்டத்தை அளந்து பார்க்க வேண்டுமா?

14 அங்குல டிரம்முக்கு ரிவெட் லைனிங் நன்றாக அடித்துத் தரும் பட்டறை மதுரை, திண்டுக்கல் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இதே வேலையைச் செய்பவர்கள் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

அறுவடைக்கு முன் டிரெய்லர் மாட்டியாக வேண்டும். இந்த பிரேக்கோடு ரோட்டில் ஏற்ற மாட்டேன். அனுபவம் உள்ளவர்கள் சீக்கிரம் சொன்னால் பெரிய உதவி.