பழைய பிரீமியம் எஸ்யூவி எடுத்தவர்கள், பட்டதைச் சொல்லுங்கள்

#1 (திரியைத் தொடங்கியவர்)

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருடம் ஓடிய வண்டி, 78,000 கி.மீ., இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல். எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டாம், இந்த வகையில் எதை எடுத்தாலும் கதை ஒன்றுதான். சர்வீஸ் புக் இருந்தது, பெயின்ட் சுத்தம், தோல் சீட் புதுசு போல. காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். சரியாக எட்டுக்குப் போய் நின்றேன்.

சுற்றிப் பார்க்கும்போது சும்மா போனட் மேல் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. வெதுவெதுப்பு இல்லை, கையை எடுக்க வைக்கிற சூடு. வெயில் அந்தப் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவே இல்லை. விற்றவர் என் கையைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "பக்கத்தில் ஒரு வேலையாகப் போய்விட்டு இப்போதான் வந்தேன்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். மூன்று மாதமாக அந்தச் 'சரி'தான் என்னைக் குடைகிறது.

எடுத்து வந்த மறுநாள் காலையில் செல்ஃப் அடித்ததும் எஞ்சின் முன்பக்கம் ஒரு சத்தம். தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி. இரண்டு மூன்று விநாடிதான், அப்புறம் அடங்கிவிடும். சூடான எஞ்சினில் வரவே வராது. போன வாரம் மஞ்சள் விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் பி0016 என்ற எரர் எண். பிஸ்டனோடு சுற்றும் கிராங்க்கும் வால்வைத் திறக்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இரண்டையும் இணைக்கிற டைமிங் செயின் நீண்டிருக்கும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பிடிக்கவில்லை என்கிறார் மெக்கானிக். செயின் பல் தாண்டிவிட்டால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், அப்புறம் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டும். ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறேன்.

உங்களுக்கு எது எங்கே கடித்தது? ஆறுதல் வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

#2

எனக்கு எஞ்சின் இன்றுவரை தகராறு செய்ததில்லை. என்னுடையது தண்ணீர்.

கண்ணாடிக் கூரை வைத்த வண்டி. விடாத மழை மூன்று நாள். நாலாவது நாள் ஏறி உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்தேன், குதிகாலுக்குக் கீழே 'சளக்' என்றது. மேலே தொட்டால் கார்பெட் லேசான ஈரம்தான். ஆனால் அதற்கு அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு ஒரு பஞ்சு இருக்கிறது, அது தண்ணீரைக் குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் கிடக்கும். ஓரத்தைத் தூக்கிப் பிழிந்தேன், ஒழுகிக்கொண்டே இருந்தது. பஞ்சுக்குக் கீழே ஒயர் கட்டு, மாட்யூல் என்கிற எலக்ட்ரானிக் பெட்டி ஒன்று. கனெக்டரைக் கழற்றினால் அதன் பின்கள் எல்லாம் பச்சைப் பச்சையாகப் பூத்திருக்கிறது. அந்தப் பச்சையை நான் மறக்க மாட்டேன்.

கூரையின் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள்ளே இறங்கி வண்டிக்கு வெளியே திறக்கும். மரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் இலைத்தூள், பூந்தூள் எல்லாம் போய் அடைத்துக்கொள்ளும். நைலான் நரம்பை விட்டுச் சுத்தம் செய்தால் பத்து நிமிட வேலை. (கம்ப்ரசர் காற்றை வேகமாக அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றால் இன்னொரு தலைவலி.) அந்தப் பத்து நிமிடத்தை நான் செய்யாததால் மாட்யூல் புதுசு, அதற்குக் கோடிங், டேஷ்போர்டு வரைக்கும் பிரிப்பு, 11 நாள் வண்டி இல்லை.

இரண்டு வாரமாகவே காலையில் கண்ணாடிக்கு உள்பக்கம் புகை போலப் படிந்திருந்தது. தினமும் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

#3

#1 நண்பருக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் 'எதை எடுத்தாலும் கதை ஒன்று' என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. பி0016 வந்தாலே செயின் என்று முடிவு கட்டவும் கூடாது. கேம் சென்சார் போனாலும், வால்வ் டைமிங்கை மாற்ற ஆயிலைத் திறந்து மூடும் சோலினாய்டில் அழுக்கு அடைத்தாலும் அதே எரர் எண் வரும். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதினைந்து வருடமாக இந்த மாதிரி வண்டிகளில் கை வைக்கிறேன். ஒரு வண்டிதான் உறுத்துகிறது. 1,60,000 கி.மீ., ஆட்டோமேட்டிக். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றலாமா என்றேன். 'லைஃப்டைம் ஆயில், மாற்றத் தேவையில்லை' என்று அச்சடித்திருந்ததை ஓனர் காட்டினார். நானும் வற்புறுத்தாமல் அனுப்பிவிட்டேன். ஆறு மாதத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றினால், அதிலுள்ள காந்தத்தின் மேல் கரிய சேறு, விரலால் வழிக்கும் அளவுக்கு. என் கதை அவ்வளவுதான்.

இனி வாங்கப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். 'லைஃப்டைம்' என்ற வார்த்தையை நம்பாதீர்கள். கியர்பாக்ஸ் செய்கிற இசட்எஃப் கம்பெனியே தன் 8 கியர் ஆட்டோமேட்டிக்குக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருடத்தில் ஆயில் மாற்றச் சொல்கிறது. ஆயிலில் மூழ்கிய இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் என்றால் பெரும்பாலும் 60,000 கி.மீ. எஞ்சின் ஆயிலை இரண்டு வருடம், 30,000 கி.மீ. வரை ஓட்டலாம் என்று அட்டவணை சொல்லும். அது முதல் ஓனருக்குச் செலவு குறைவாகத் தெரிவதற்காகப் போட்ட கணக்கு. இரண்டாவது ஓனர் 10,000-க்கு ஒரு தடவை மாற்றுவதுதான் எஞ்சினுக்கு நல்லது. ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்ற தடிமன் அளவை மட்டும் பார்த்தால் போதாது, உங்கள் எஞ்சினுக்குக் கார் கம்பெனி தரும் அப்ரூவல் எண் அதில் அச்சாகியிருக்க வேண்டும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால் இன்டேக் வால்வைக் கழுவ ஆளில்லை. கரி படியும், நின்ற இடத்தில் ஓடும்போது எஞ்சின் நடுங்கும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்துத்தான் எடுப்பார்கள். பின் பிரேக் பேடை வீட்டில் மாற்றப் போகிறவர்கள், எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் இருந்தால் முதலில் சர்வீஸ் மோடில் போட வேண்டும். அப்படிப் போடாமல் பிரேக் பிஸ்டனை அழுத்தித் தள்ளினால் ஹேண்ட் பிரேக் மோட்டார் போய்விடும். பேட்டரி மாற்றினால் பல வண்டிகளில் கம்ப்யூட்டருக்குச் சொல்லிப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் ஏற்றும். வாங்கும்போது ஸ்கேனரில் எரர் இல்லை என்று சந்தோஷப்படாதீர்கள், வண்டி தன்னைத் தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் 'ரெடினஸ்' பகுதியைப் பாருங்கள். பலதும் 'இன்னும் முடியவில்லை' என்று காட்டினால் சமீபத்தில்தான் யாரோ எரரை அழித்திருக்கிறார்கள், இல்லை பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

#4

#3 அண்ணாவுக்கு: குளிர்ந்த எஞ்சினில் சத்தமும் வருகிறது என்று அவர் தெளிவாக எழுதியிருக்கிறாரே. சென்சார் போனால் தகர டப்பா சத்தம் வருமா? அவர் கேட்டது அனுபவம். உங்கள் கியர்பாக்ஸ் கதையை இன்னும் கொஞ்சம் சொல்லியிருந்தால் எனக்கு அதுவே போதும்.

என்னுடையது ஜப்பானிய ஹைப்ரிட், பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உண்டு. மூன்று வருடம் ஆனபோது எடுத்தேன், இப்போது ஒன்பது முடிகிறது, 1,43,000 கி.மீ. தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, டர்போ கிடையாது. இல்லாத பாகம் ரிப்பேர் ஆகாது. பிரேக் பேட் இந்த ஆறு வருடத்தில் ஒரு தடவைதான் மாற்றினேன், பாதி வேகத்தை மோட்டாரே குறைத்துவிடுகிறது. ஆயில், ஃபில்டர், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயில், ஒரு 12 வோல்ட் பேட்டரி. அதிகம் செலவானது டயருக்குத்தான்.

ஒரே ஒரு தடவை பயந்தேன். பின் சீட்டுக்குக் கீழேயிருந்து விசிறி ஓயாமல் இரைந்தது. பெரிய பேட்டரி போய்விட்டது என்று நினைத்துக் கை நடுங்கியது. சீட்டுக்குப் பக்கத்தில் காற்று இழுக்கும் வலைத்தட்டைக் கழற்றினால் எங்கள் நாயின் முடி, கம்பளி போல ஒரே அடையாக வந்தது. அதைச் சுத்தம் செய்ததும் சத்தம் நின்றுவிட்டது. ஆறு வருடம் அந்தத் தட்டு அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது.

#5

#4 சகோதரி சொல்வது அவர் வண்டிக்குச் சரி. நாலு சக்கரத்துக்கும் மெக்கானிக்கலாகப் பவர் போகிற வண்டியில் டயரே வேறு கதை.

கல் குத்தி ஒரு டயரின் பக்கச் சுவர் கிழிந்தது. ரன்ஃபிளாட் டயர்தான், காற்று இல்லாமலும் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் ஓடும் என்பார்களே, அது. வீடு வந்து சேர்ந்துவிட்டேன், அந்த மட்டும் நல்லது. டயர்க்காரர் "நாலையும் மாத்திடுங்க சார்" என்றார். வியாபாரம் பேசுகிறார் என்று நினைத்து ஒன்றே ஒன்றைப் போடச் சொன்னேன். புது டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேல் ரப்பரின் ஆழம்) 8 மி.மீ., மற்ற மூன்றில் 3.5 இருந்தால் அதிகம்.

ஒரு மாதம் கழித்துப் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பினேன். வண்டி முன்னால் போகவில்லை, தத்தித் தத்திக் குதித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பா, "என்னடா, ஏதாவது மேல் ஏறிட்டியா?" என்று கதவைத் திறந்து கீழே பார்த்தார். கீழே ஒன்றும் இல்லை.

தேய்ந்த டயரின் சுற்றளவு சின்னது, அதனால் அது கொஞ்சம் கூடச் சுற்றும். நேர் ரோட்டிலும் அந்த வித்தியாசத்தை முன், பின் சக்கரங்களுக்குப் பவரைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் கிளட்ச் வழுக்கி வழுக்கிச் சமாளித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நாலு டயருக்கும் நடுவில் இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் வித்தியாசம் ஆகாதாம். அதைக் கடைசியில் நாலு டயரும் போட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸும் பிரித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். செகண்ட் ஹேண்டில் வண்டி விலை பாதியாகக் குறைகிறது, அதன் பாகங்களின் விலை குறைவதில்லை. நான் வாங்கும்போது இதை நினைக்கவே இல்லை.

#6

டீசல் ஆட்கள் யாரும் பேசவில்லை. ஐரோப்பாவில் 2009-இல் யூரோ 5 என்ற புகை விதி வந்ததிலிருந்து இங்கே விற்கிற டீசல் கார் ஏறக்குறைய எல்லாமே புகை ஃபில்டரோடுதான் வருகிறது. என் அலுவலகம் 4 கி.மீ. வாரத்தில் நான்கைந்து நாள் வண்டியை நிறுத்தி இறங்கினால் ரேடியேட்டர் விசிறி ஊளையிட்டுக்கொண்டே இருக்கும், கீழேயிருந்து ஏதோ கருகுகிற வாசனை வரும். கதவைப் பூட்டிவிட்டுப் படியேறிவிடுவேன்.

அது ஃபில்டர் தன் கரியைத் தானே எரிக்கிற நேரம். 600 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும், 15, 20 நிமிட ஓட்டம் வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் நடுவில் அணைத்திருக்கிறேன். அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சின டீசல் எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலந்திருக்கிறது. ஒரு நாள் திரையில் 'ஆயில் அளவு அதிகம்' என்று வந்தது. நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை! ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தேன், பங்க் வாசனை. #1 நண்பரே, உங்கள் கையில் சுட்ட போனட் மாதிரிதான் எனக்கு அந்த விசிறிச் சத்தம். மாதக்கணக்கில் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

#7 (திரியைத் தொடங்கியவர்)

#3 சொன்னபடி சோலினாய்டையும் சென்சாரையும் பார்க்கச் சொன்னேன், இரண்டும் நன்றாக இருக்கின்றன. இன்று எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினார்கள். ஆயிலுக்குள் பழுப்பு நிறத்தில் நகம் அளவு பிளாஸ்டிக் துண்டுகள் ஐந்து. செயினை வழிநடத்தும் கைடு உடைந்து விழுந்தவை. ஒன்று பம்ப் ஆயில் இழுக்கிற வலையில் ஒட்டியிருந்தது. துண்டுகளை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள், மேஜை மேல்தான் இருக்கிறது.

#8

நான் விற்ற பக்கத்திலிருந்து பேசுகிறேன். #1 நண்பரிடம் வண்டி விற்றவன் இல்லை, இது வேறு வண்டி, இரண்டு வருடத்துக்கு முன்னால்.

வாங்க வருகிறவர் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். முந்தின வாரம் இரண்டு தடவை செல்ஃப் இழுக்கத் திணறியது, பேட்டரி வீக். ஆள் வந்து நிற்கும்போது ஸ்டார்ட் ஆகாவிட்டால் மானம் போய்விடும் என்று, அவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஸ்டார்ட் செய்து ஒரு சுற்று ஓட்டி வந்து நிறுத்தினேன். வந்தவர் இளைஞர், மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டி வந்திருந்தார். அவரும் போனட்டில் கை வைத்தார். "இப்போதான் எடுத்தீங்களா அண்ணா?" என்று கேட்டார். கடைக்குப் போய் வந்தேன் என்று சொன்னேன்.

எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை, அது எனக்கு நிச்சயம். மறைத்தது ஒரு பேட்டரியை. ஆனாலும் குழந்தையோடு எங்காவது நடுவழியில் நின்றிருப்பாரோ என்று இன்னும் நினைக்கிறேன். #1-ஐப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

#9 (திரியைத் தொடங்கியவர்)

#8 ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பேட்டரி வீக் என்று சொல்லியிருந்தால் அவர் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு அப்போதே எடுத்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். எண் இருந்தால் இப்போது கூப்பிட்டாலும் தப்பில்லை.

என் வண்டிக்கு செயின், கைடு, டென்ஷனர், கேம் பல்சக்கரம் எல்லாம் புதுசு போடுகிறார்கள். முன்பக்கம் பிரித்திருக்கும்போதே வாட்டர் பம்ப்பையும் மாற்றச் சொல்லிவிட்டேன், அதன் ஹவுசிங்கும் பிளாஸ்டிக்தான், ஆறு வருடச் சூட்டில் எப்படி இருக்குமோ. வியாழக்கிழமை வண்டி வருகிறது. அன்றைக்கு ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்துவிட்டு, வெள்ளி காலையில் செல்ஃப் அடித்துப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.