நடு இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
எனக்கு 58 வயது. வாரத்தில் இரண்டு மூன்று இரவு வலது கெண்டைக்கால் சதை கல் மாதிரி உருண்டுகொள்கிறது. கத்தியே விடுகிறேன். வலி போனாலும் மறுநாள் மாடி ஏறும்போது சதை கன்றியது போல நோகிறது. தண்ணீர் நிறையவே குடிக்கிறேன்.

பதில் 1:
பிடித்தவுடன் முழங்காலை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். எனக்கு அரை நிமிடத்தில் விட்டுவிடும். எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்தினாலும் சரிதான். அப்புறம் மெதுவாக நீவிவிடுங்கள்.
தூங்கும்போது பாதம் கீழ்நோக்கி மடங்கிக் கிடந்தால் சதை சுருங்கியே இருக்கும், லேசாக அசைந்தாலே பிடித்துக்கொள்ளும். கனமான போர்வையும் பாதத்தை அப்படி அழுத்தும். நான் போர்வையைத் தளர்த்திவிட்டு, படுக்கும்முன் சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தூக்காமல் முன்னால் சாய்ந்து மூன்று முறை நீட்டுகிறேன். அதிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம்.

பதில் 2:
சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரே கால் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே காட்டிவிடுங்கள், தயவுசெய்து.

கேள்வி கேட்டவர்:
வீக்கம் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை உண்டு, நாளை கேட்கிறேன். சுவர்ப் பயிற்சி இன்றிரவே.