மறு: 'ஹை பிரெஸ்', 'பில்ட்-அப்': தமிழில் என்ன சொல்லலாம்?

> 'உயர் அழுத்தம்', 'கட்டமைப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரியும்.

வணக்கம்.

கால்பந்து எழுத்தில் 'ஹை பிரெஸ்'ஸுக்கு 'உயர் அழுத்தம்', 'பில்ட்-அப்'புக்கு 'கட்டமைப்பு' போதும் என்கிறீர்கள். புரியாது என்பதுதான் என் பயம். நேற்று வீட்டில், "எதிரணியின் உயர் அழுத்தத்தைச் சமாளிக்க முடியாமல் திணறினார்கள்" என்று ஒரு வரி எழுதி வாசித்துக் காட்டினேன். "மாத்திரை போட்டார்களா?" என்றார் அம்மா. 'உயர் அழுத்தம்' என்றால் ஒன்று ரத்தம், இல்லையென்றால் மின்சாரம், அதுவும் இல்லையென்றால் வானிலை அறிக்கை. மைதானத்து 'ஹை'யில் உயரமே கிடையாது. எதிராளியின் கோல் பக்கம்வரை முன்னே போய், பந்து வைத்திருப்பவரை நெருக்குவதுதான் அது. அதற்கு நம் ஊர்ப் பையன்கள் தினமும் கத்துகிற சொல் இருக்கிறது: "மேல ஏறுடா!" எனவே 'ஏறி நெருக்குதல்'. பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் 'ஏறுநெருக்கு'. ஏறுமுகம், ஏறுவரிசை மாதிரி வினைத்தொகை. 'லோ பிளாக்' (தன் கோல் பக்கமே பின்வாங்கி நின்று தடுப்பது) கேட்டவருக்கும் இதிலேயே பதில் வந்துவிடுகிறது: 'இறங்கி அடைத்தல்'.

'பில்ட்-அப்' என்பது தன் கோல் பக்கத்திலிருந்தே பந்தைத் தட்டித் தட்டி முன்னே கொண்டுபோவது. அதற்குக் 'கட்டமைப்பு' எனக்கு ஒத்துவரவில்லை. அது ஏற்கெனவே கட்டி முடித்த ஒன்றின் பெயர். இங்கே நமக்கு வேண்டியது ஒரு வினை.

முதலில் மைதானத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 2019 வரை கோல் கிக் (கோல் அருகிலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடர்வது) பெனால்ட்டி கட்டத்தை, அதாவது கோலுக்கு முன்னாலுள்ள பெரிய செவ்வகத்தைத் தாண்டிய பிறகுதான் பந்து ஆட்டத்துக்கு வந்ததாகக் கணக்கு. அந்த ஆண்டு விதி மாறியது. உதைத்துப் பந்து நகர்ந்தாலே ஆட்டம்தான். எதிராளிகள் அதுவரை கட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும், நம்மாட்கள் உள்ளேயே நின்று வாங்கலாம். அதனால்தான் இப்போது கோல்கீப்பர் பக்கத்தில் நிற்கிற தடுப்பாட்டக்காரருக்கு மெல்லத் தட்டிவிடுகிறார். ஏன் இந்த வம்பு, ஓங்கி உதைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்டால், விடை எளிய கணக்கு. நெருக்க வருகிற அணி தன் கோல்கீப்பரைப் பின்னால் விட்டுவிட்டுத்தான் வர முடியும். இந்தப் பக்கம் கோல்கீப்பரையும் சேர்த்து 11 பேர், அந்தப் பக்கம் 10. எங்கோ ஒருவர் சும்மா நிற்கிறார். அவரைக் கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

2022-23இல் ராபர்ட்டோ டி செர்பி பயிற்றுவித்த, இங்கிலாந்தின் பிரைட்டன் அணியைப் பார்த்தவர்களுக்கு அதன் தடுப்பாட்டக்காரர் லூயிஸ் டங்க் நினைவிருக்கும். பந்தின் மேல் பாதத்தை வைத்து அப்படியே நிற்பார். பேருந்துக்குக் காத்திருக்கிறவர் போல. எதிரணியின் முன்கள ஆட்டக்காரர் பொறுமையிழந்து பாய்வார். அவர் பாய்ந்த கணமே அவர் மறைத்திருந்த பாதை திறக்கும். பந்து அந்த வழியே நடுக்கள வீரருக்குப் போகும். முதுகைக் காட்டி நிற்கிற அவர் ஒரே தட்டில் பக்கத்தில் இருக்கிறவருக்குக் கொடுப்பார். பக்கத்தில் இருக்கிறவரோ எதிரணி கோலைப் பார்த்து நிற்கிறார். டங்க் நேராக எட்ட முடியாமல் இருந்த ஆள் அவர்தான். இவரை 'மூன்றாம் ஆள்' என்று சொல்வதில் யாருக்கும் சண்டை இருக்காது. காலை வைத்து நிற்பதற்கு 'தூண்டில் நிறுத்தம்' என்று யாரோ முன்பு எழுதியிருந்தீர்கள். அபாரம், அதைத் தொட வேண்டாம். (அந்தப் பருவத்தில் பிரைட்டன் 6ஆம் இடம் பிடித்து முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனது.)

சரி, இந்த மொத்த வேலைக்கும் என்ன பெயர்? 'தொடுப்பு' என்ற பரிந்துரை எனக்கு முதலில் பிடித்தது. பூத் தொடுப்பதுபோல் பந்தைத் தொடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் "அவருக்கு நடுக்களத்தில் ஒரு தொடுப்பு இருந்தது" என்று விளையாட்டுப் பக்கத்தில் அச்சிட்டால் குடும்பத்தில் கலகம் வரும்.

பிற மொழியினர் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தேடினேன். ஸ்பானியர்களுக்கு இது 'சலிடா', அதாவது வெளியேறுதல். இத்தாலியர்கள் 'டல் பாஸோ' என்று சேர்த்துக்கொள்கிறார்கள், அடியிலிருந்து என்று பொருள். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது: 'அடியெடுப்பு'. அடி என்றால் கால், அடி என்றால் கீழ்ப்பகுதி, அடியெடுத்து வைத்தல் என்றால் தொடங்குதல். மூன்றுமே இங்கே பொருந்துகின்றன. இது தொடக்கத்தை மட்டும்தானே குறிக்கும் என்ற ஆட்சேபம் வரும். வரட்டும், பயிற்சியாளர்களும் அந்த முதல் கட்டத்தைத்தான் பெரும்பாலும் 'பில்ட்-அப்' என்கிறார்கள்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன். 2021 பிப்ரவரி, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம்: "லிவர்பூல் அடியெடுக்கும்போதெல்லாம் மான்செஸ்டர் சிட்டி ஏறி நெருக்கியது. கோல்கீப்பர் அலிசன் அடுத்தடுத்து இரண்டு முறை பந்தை எதிராளி காலுக்கே கொடுத்தார்; இரண்டும் கோல். 1-4." எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு?

பந்தை இழந்த உடனே மீட்கப் பாய்வதற்கு 'கரந்தை' என்று எழுதிய புலவருக்கு என் வணக்கம். ஆநிரை மீட்பதும் பந்து மீட்பதும் ஒன்றுதான், ரசித்தேன். ஆனால் வர்ணனையாளர் அந்தத் திணையை விளக்கி முடிப்பதற்குள் கோல் விழுந்துவிடும். 'உடன்மீட்பு' போதும்.

எனக்கு அகப்படாதது ஒன்று பாக்கி: 'டிரிகர்'. பக்கக்கோட்டருகே முதுகைக் காட்டி ஒருவர் பந்து வாங்குகிறார், அல்லது கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டும் பந்து கொஞ்சம் மெதுவாகப் போகிறது. அதைக் கண்டதும் எல்லாரும் சேர்ந்து பாய வேண்டும். 'விசை' என்றால் துப்பாக்கி, 'தருணம்' என்றால் கல்யாணப் பத்திரிகை. 'குறி' என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.