அழுகைக் கோச்சியை அவள் நிறுத்தலாமா?

ஹட்டன் வாசகி:
இளையோருக்கான காலப்பயண நாவல் ஒன்றை எழுதி, முடிவில் சிக்கி நிற்கிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பதினைந்து வயதுப் பிள்ளை 1969-க்குப் போகிறாள். 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், நம் மலையகத் தோட்டத் தமிழரை 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள் அல்லவா? அந்தப் பிள்ளையின் அம்மாயியின், அதாவது பாட்டியின், அக்காள் இந்தியாவுக்கு விண்ணப்பித்து, அழுகைக் கோச்சியில் (போகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் அழுததால் அந்த ரயிலுக்கு அப்படிப் பேர்) தலைமன்னார் போய்க் கப்பலேறியவர். அதைத் தடுக்கத்தான் பிள்ளை போகிறாள். ஆனால் அக்காள் விட்டுப்போன வேலைக்குப் பேர் பதிந்துதான் அம்மாயி அந்தத் தோட்டத்துக்கே வந்தார், தாத்தாவைக் கண்டார். அக்காள் நின்றுவிட்டால் பிள்ளை பிறக்கவே மாட்டாள். பிறக்காவிட்டாலும் பரவாயில்லை, அவள் தடுக்கட்டும் என்று நினைக்கிறேன்.

பதுளை ஆசிரியர்:
பரவாயில்லை என்று எழுத எப்படி மனம் வருகிறது, தங்கச்சி? 1948-இல் ஒரு சட்டம் நம்மவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. எஞ்சியவர்கள் பிரஜாவுரிமை பெறச் சட்டத்தில் வழி பிறந்தது 2003-இல்தான். அப்படி இல்லாமல் ஆக்கப்பட்டவர்களின் பேத்தி, தன்னைத் தானே இல்லாமல் ஆக்கிக்கொள்வதைத் தியாகமாக என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

பேராதனை மாணவன்:
சேர், அக்கா, இன்னொரு வழியும் இருக்கிறது. எவரெட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1957-இல் முன்வைத்த பல்லுலகக் கருத்தின்படி உலகம் கிளை பிரியலாம். ஒரு கிளையில் அக்காள் நிற்பார். பிள்ளையும் மறைய வேண்டியதில்லை.

ஹட்டன் வாசகி:
அதில் எனக்கு ஆறுதல் இல்லை, தம்பி. அவளுடைய சொந்த அம்மாயி அப்போதும் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, அக்காள் போய்ச் சேர்ந்த தமிழ்நாட்டுக் கூடலூரிலிருந்து வந்த பழைய கடிதத்தின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டுதானே இருப்பார்? அக்காள் கிடைப்பது வேறொருத்தியின் அம்மாயிக்கு. சேர், பார்த்துவிட்டு வருவதற்கு அம்மாயி சொல்லும் கதையே போதும். காலப்பயணம் எதற்கு?

பதுளை ஆசிரியர்:
சரி, வெறும் பார்வை போதாது, ஒப்புக்கொள்கிறேன். நொவிகோவ் என்ற ரஷ்ய இயற்பியலாளரின் கருத்து ஒன்று உண்டு: கடந்த காலத்துக்குப் போகிறவர் அங்கே எதைச் செய்தாலும், அது ஏற்கெனவே நடந்ததன் பகுதியாகவே இருக்கும். உங்கள் கதையில் அக்காளுக்கு எழுதத் தெரியுமா? தெரியாதென்றால் விண்ணப்பத்தை நிரப்பியது யார்? தடுக்கப் போன பிள்ளையிடமே அவர் தாளை நீட்டட்டும். "நான் போக வேண்டும், எழுதிக் கொடு" என்று கேட்கட்டும். விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய முடிவை மாற்ற, பின்னால் பிறந்த நமக்கு என்ன உரிமை?

ஹட்டன் வாசகி:
விருப்பம் என்கிறீர்கள். பிரஜாவுரிமையும் வாக்கும் பறிபோன பின் ஒருவர் நீட்டும் தாளில் விருப்பம் எவ்வளவு, வேறு வழியின்மை எவ்வளவு? இங்கே இருந்தவரை 'இந்தியத் தமிழர்' என்றார்கள். அங்கே போனதும் 'சிலோன்காரர்' என்றார்கள். இரண்டு அரசுகள் செய்த பிரிவினையை ஒரு பிள்ளையின் கையெழுத்தில் கொண்டுபோய் வைக்க மாட்டேன். இதில் நான் இறங்கி வர முடியாது, சேர்.

ஆனால் அக்காள் வாய் திறந்து கேட்பது எனக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு நாளும் அவரைக் கோச்சியில் ஏற்றினேன், இறக்கினேன்; ஒரு வார்த்தை பேச விடவில்லை. கொழுந்துக் கறை ஏறிய பெருவிரல் தாளின் ஓரத்தைப் பிடித்திருப்பது இப்போது கண்ணில் தெரிகிறது. அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதுகிறேன்.

பதுளை ஆசிரியர்:
எழுதியதும் இங்கே போடுங்கள். பிள்ளை மறைந்தால் மறுபடியும் சண்டைக்கு வருவேன்.