கோழி எச்சம் இட்ட கத்தரி நாற்றுகள் கருகுகின்றன: என்ன செய்வது?

செம்மண் தோட்டம்:
வணக்கம். திண்டுக்கல் அருகே, வீட்டின் பின்புறம் உள்ள 3 சென்ட் இடத்தில் கத்தரி, வெண்டை, கீரை பயிரிட்டு, உடன் 8 நாட்டுக்கோழிகளும் வளர்க்கிறேன். கூண்டின் அடியில் சேர்ந்த எச்சத்தை அள்ளிக் கத்தரி நாற்றுகளின் தூரில் இட்டேன். ஒரு வாரத்துக்குள் இலை விளிம்புகள் கருகத் தொடங்கிவிட்டன. மாலையில் கோழிகளைத் திறந்துவிட்டால் கீரைப் பாத்தியைச் சீய்த்து, முளைத்ததையும் முளைக்காததையும் வெளியே தள்ளிவிடுகின்றன. கூண்டின் நாற்றத்தால் பக்கத்து வீட்டாரும் வருந்துகிறார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருப்பவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

எருக்குழி:
முதலில் தூரில் இட்ட எச்சத்தை வழித்தெடுத்துவிட்டு, இரண்டு மூன்று நாட்கள் நன்றாக நீர் பாய்ச்சுங்கள்; குருத்து பச்சையாக இருந்தால் நாற்று பிழைத்துக்கொள்ளும். மாடு, ஆடு போலன்றிக் கோழிக்குச் சிறுநீர் தனியே பிரிவதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது யூரிக் அமிலம். அது ஈரத்தில் சிதைந்து அம்மோனியாவாக மாறும்போது, எச்சத்தில் உள்ள உப்புகளோடு சேர்ந்து இளவேரைச் சுட்டுவிடுகிறது. பக்கத்து வீட்டாருக்கு எட்டும் நாற்றமும் அதே அம்மோனியாதான். பயிருக்குச் சேர வேண்டிய தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றில் போகிறது என்று பொருள்.

ஆகவே எச்சத்தை அள்ளுவதற்கு முன்பே அதன்மேல் கரிமம் (கார்பன்) மிகுந்த காய்ந்த பொருள் சேர வேண்டும். கூண்டின் தரையில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகு, கடலைத்தோல், உமி எது கிடைக்கிறதோ அதைப் பரப்பி, ஈரம் தட்டும்போதெல்லாம் மேலும் ஒரு கூடை போடுங்கள். கோழிகளே அதைக் கிண்டிக் கலந்துவிடும். எச்சத்தில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 10-க்கு 1 என்ற அளவில் இருக்கின்றன. நன்றாக மக்குவதற்கு 25 அல்லது 30-க்கு 1 வேண்டும். ஒரு கூடை எச்சத்துக்கு இரண்டு மூன்று கூடை சருகு என்று கணக்கு வைத்தால் போதும். அந்தக் கூளத்தை மூன்றடி உயரக் குவியலாக்கி, பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் மட்டும் வரும் ஈரத்தில் வைத்து, வாரம் ஒருமுறை புரட்டுங்கள். உள்ளே கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேற வேண்டும். 55 பாகை செல்சியசைத் தாண்டும் அந்தச் சூட்டில்தான் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் மடிகின்றன.

கொல்லைப்புறம்:
தஞ்சைப் பக்கத்தில் எங்கள் கொல்லையில் நான் கடைப்பிடிப்பது கால ஒழுங்கு. அறுவடை முடிந்த பாத்தியில் இரண்டு வாரம் கோழிகளை விட்டால் புழு, கூட்டுப்புழு, உதிர்ந்த களை விதை அனைத்தையும் பொறுக்கிவிடும். விதைத்த நாள் முதல் செடி முழங்கால் உயரம் வரும்வரை வலை கட்டி உள்ளே விடுவதில்லை. பெரிய செடியின் தூரைச் சுற்றி ஓட்டுத்துண்டு அடுக்கினால் வேர் வெளிப்படாது. குஞ்சுகளுக்கு, பழம்பானையில் காய்ந்த சாணமும் ஓலையும் திணித்து, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் இரவு கவிழ்த்து வைத்துக் காலையில் எடுத்துக் கொட்டுகிறேன். இதைவிட நல்ல தீனியை நான் கண்டதில்லை. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கை மட்டும் கோழி எட்டும் இடத்தில் போடாதீர்கள், அதிலுள்ள நச்சு ஈரலைக் கெடுக்கும்.

செம்மண் தோட்டம்:
இருவருக்கும் நன்றி. கடலைத்தோல் இங்கே எளிதில் கிடைக்கும், இன்றே பரப்புகிறேன். மண்புழுத் தொட்டியில் எச்சத்தைச் சேர்க்கலாமா? கீரைக்கு எப்போது எரு இடலாம்?

எருக்குழி:
பச்சை எச்சம் மண்புழுக்களைக் கொன்றுவிடும். குவியல் சூடு தணிந்து, மண்வாசனை வந்த பிறகு சிறிதளவு சேர்த்துப் பாருங்கள். கீரைக்கும் அந்த நிலையில், விதைக்கும் முன்பே மண்ணோடு கலந்துவிடுவது நல்லது. பச்சையாக உண்ணும் வெங்காயம், கொத்தமல்லி போன்றவற்றுக்கு மக்காத எச்சம் கூடவே கூடாது. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள், மண்ணைத் தொட்டு விளையும் காய்கறிக்கு மக்காத எரு இட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்கின்றன. நம் கீரையோ 25 நாளில் அறுவடைக்கு வந்துவிடுகிறது.