ஓட்டம் கைநழுவிய பிறகும் பிரார்த்தனை

பதிவு

மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, கடைசி நேரத்தில் காயம்பட்டு மாரத்தானைத் தவறவிட்டவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "எல்லாம் நன்மைக்கே." "கடவுள் ஏதோ காரணத்தோடதான் தடுத்திருக்கார்." சொல்பவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த வார்த்தைகள் எனக்குக் கைகொடுக்கவில்லை. வேறு சில விஷயங்கள் கைகொடுத்தன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இப்போது யாராவது இருந்தால் படிக்கட்டும்.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவள். காலை ஓட்டத்தில்தான் என் பிரார்த்தனையும் நடக்கும். மூச்சு ஒரு சீருக்கு வந்ததும் வீட்டில் உள்ளவர்களை, உடம்பு சரியில்லாதவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொள்வேன். அதனால் ஓட்டம் நின்றபோது கூடவே பிரார்த்தனையும் நின்றுவிட்டது போலிருந்தது. இதை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

வருடக்கணக்காக விண்ணப்பித்து, குலுக்கலில் ஒருவழியாக இடம் கிடைத்த மாரத்தான் அது. நீண்ட ஓட்டங்களை எல்லாம் முடித்து, தூரத்தைக் குறைத்துக்கொண்டே வரும் கடைசி வாரங்களுக்கு வந்திருந்தேன். அப்போதுதான் கெண்டைக்காலின் உட்பக்கம் வலித்தது. முதலில் ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் போய்விடும். அப்புறம் ஓடி முடித்த பிறகும் இருந்தது. பிறகு படியிறங்கும்போதும் தெரிந்தது.

பிசியோதெரபிஸ்ட் அம்மா என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழிருந்து முன்னெலும்பின் உள்விளிம்பு வழியாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்கினார். பாதித் தூரம் வரை ஒன்றுமில்லை. ஒரு இடத்தில் விரல் பட்டதும் உடம்பே தூக்கிப் போட்டது. விரலை எடுத்துவிட்டு, மேலிருந்து மறுபடி வந்தார். அதே இடம், விரல் நுனி அளவுதான். "வலி பரவலா இருந்தா தசை இழுப்பு, எலும்பு உறை வீக்கம்னு யோசிக்கலாம். இப்படி ஒரே புள்ளியில நின்னா எலும்பைத்தான் பார்க்கணும்" என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. நான் அங்கேயே நன்றி சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அவசரப்படவில்லை. எலும்பில் மெல்லிய கீறல் இருந்தாலும் ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். எடுத்தோம். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் எலும்பில் உண்டாகும் மெல்லிய கீறல்.

அது எப்படி வருகிறது என்று அவர் விளக்கியது என் நம்பிக்கைக்கே பெரிய உதவியாக இருந்தது. ஓடும்போது எலும்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு சேதங்கள் ஏற்படுவது இயல்பு. உடம்பு முதலில் பழுதான பகுதியைக் கரைத்து எடுத்துவிடுகிறது, அதன் பிறகுதான் அங்கே புது எலும்பு உருவாகிறது. கரைக்கும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், கட்டும் வேலைக்குத்தான் நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் அதே இடத்தில் பாரம் விழுந்துகொண்டே இருந்தால் கீறல் விடுகிறது. அவ்வளவுதான். இதில் தண்டனையும் இல்லை, ரகசியச் செய்தியும் இல்லை. என் எலும்பை உடைத்துத்தான் எனக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்ற நிலையில் இருக்கும் கடவுளை என்னால் வணங்க முடியாது. உடைந்த இடத்தில் யாரும் கேட்காமலே புது எலும்பைக் கட்டத் தொடங்கும் உடம்பைப் படைத்தவரை வணங்க முடியும்.

அப்படியென்றால் நான் அமைதியாக இருந்தேனா? இல்லை. "ஓட்ட நாளுக்குள் சரியாக்கிக் கொடு, அதற்குப் பிறகு என்ன ஆனாலும் பரவாயில்லை" என்றெல்லாம் வேண்டியிருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். கேட்கத்தானே பிரார்த்தனை? ஆனால் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் கீறல் முழு முறிவாகலாம். அன்று இரவு ஓடப்போவதில்லை என்று முடிவெடுத்தேன். வலியோடு ஓடி முடிப்பதைத்தான் எல்லோரும் தைரியம் என்கிறார்கள். என்னைக் கேட்டால், ஓடாமல் இருப்பதற்குத்தான் அதிக நம்பிக்கை வேண்டும். அங்கே கைதட்ட ஆள் இல்லை, பதக்கமும் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த மனிதருக்கு வருகிறேன். சிகிச்சைக் கூடத்தில் என் நேரத்துக்கே ஒரு பெரியவரும் வருவார். பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தவர். இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். இடது பாதம் தூக்க வராமல் தரையை உரசிக்கொண்டே வரும். கம்பியின் கடைசிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் சட்டை நனைந்துவிடும்.

எனக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். சொல்லவே கூசியது. அவர் எதிரில் உட்கார்ந்து "மாரத்தான் ஓட முடியலை" என்று எப்படிச் சொல்வது? "கால்ல சின்ன அடிதான் ஐயா, உங்களுக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்லை" என்றேன். அவர் விடவில்லை. முழுக்கச் சொல்ல வைத்தார். கேட்டுவிட்டு, நாக்கு கொஞ்சம் குழற, "ரொம்ப நாளா காத்துட்டு இருந்திருப்பியேம்மா" என்றார்.

நான் அழுதுவிட்டேன். நடக்கவாவது முடிகிறதே என்று நினைத்துக்கொள் என்று அவர் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அவரைவிட உரிமை உள்ளவர் யார்? சொல்லவில்லை. தன் பெரிய இழப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு என் இழப்புக்கு இடம் கொடுத்தார். அதுவரை பணிவு என்றால் "என் கஷ்டம் சின்னது" என்று சொல்லிக்கொள்வது என்றே நினைத்திருந்தேன். அவரைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. அடுத்தவருடைய துக்கத்தை அளந்து பார்க்காமல் கேட்டாரே, பணிவு அங்கேதான் இருந்தது. என் துக்கத்தை ஒளிக்காமல் அவர் முன்னால் வைத்தேனே, அதிலும் கொஞ்சம் இருந்தது.

கிளம்பும்போது, "என் இந்தக் காலுக்கு நீ வேண்டிக்கோ, உன் காலுக்கு நான் வேண்டிக்கிறேன்" என்றார். நின்றுபோயிருந்த என் பிரார்த்தனை அன்று இரவு மறுபடி தொடங்கியது, அவருடைய இடது பாதத்திலிருந்து.

ஓட்டத்துக்கு முந்தைய நாள் எண் அட்டை வழங்கும் மேசையில் தன்னார்வலராக உட்கார்ந்தேன். உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை என்பதால் ஒத்துக்கொண்டேன். காலில் எலும்பு ஆறுவதற்காகக் கொடுத்த சிகிச்சை பூட் மாட்டியிருந்தது. பொறாமையே வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு உறையையும் நீட்டும்போது வந்தது, போனது, மறுபடி வந்தது. அது வரும்போதெல்லாம் எதிரில் நிற்பவரின் பெயரை உறையில் பார்த்து, "இவர் நல்லபடியாக ஓடி முடிக்கட்டும்" என்று மனசுக்குள் சொன்னேன். முதலில் வெறும் வாய் வார்த்தையாகத்தான் இருந்தது. மாலைக்குள் சில பெயர்களையாவது உண்மையாகவே நினைத்துச் சொன்னேன்.

மறுமொழி 1

நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. இறைநம்பிக்கை உள்ள ஓட்டக்காரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் ஓய்வெடுப்பதையே நம்பிக்கைக் குறைவு என்று எண்ணிக்கொள்கிறார்கள். "சாமி பார்த்துக்கும், நான் ஓடிடறேன்" என்பார்கள். சாமி பார்த்துக்கொள்ளும் என்றால் ஓடாமல் இருந்தாலும் பார்த்துக்கொள்ளும் அல்லவா என்றுதான் நான் கேட்பேன். அவர்களைச் சங்கடப்படுத்தக் கேட்பதில்லை, நான் நிஜமாகவே அப்படி நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். முன்னெலும்பில் வரும் கீறல்களில் பெரும்பாலானவை ஓய்வில் ஆறிவிடும். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் உள்ள அதன் கழுத்துப் பகுதியில் வரும் கீறல் அப்படி இல்லை. ஓடும்போது இடுப்பின் முன்பக்கம், கவட்டையில் ஆழமாக வலிக்கும். தசைப் பிடிப்பு என்று நினைத்துப் பலர் விட்டுவிடுவார்கள். அந்தக் கழுத்துப் பகுதியின் மேல்பக்கத்தில் கீறல் விழுந்தால் விலகிவிடும் ஆபத்து அதிகம், அறுவை சிகிச்சை வரை போகலாம். கவட்டை வலியோடு மாரத்தான் ஓடலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் ஸ்கேன் என்பேன். அதற்கு முன்னால் ஒரு அடிகூட வேண்டாம்.

மறுபடி தொடங்கும்போதும் பொறுமை வேண்டும். வலியில்லாமல் வேகமாக நடக்க முடிந்த பிறகுதான் ஓட்டம். அதுவும் ஒரு நிமிடம் ஓட்டம், சில நிமிடம் நடை என்று, ஒருநாள் விட்டு ஒருநாள். நீண்ட தூரம் ஓடியவர்களுக்கு இந்த ஒரு நிமிடம்தான் தாங்க முடியாததாக இருக்கிறது. மூச்சு கேட்கிறது, மனசு கேட்கிறது, எலும்பு மட்டும் இன்னும் தயாராகவில்லை.

மறுமொழி 2

எனக்குக் காயம் முழங்காலில், ஜவ்வு கிழிந்தது. அரை மாரத்தானுக்குச் சில நாட்களே இருந்தன. ஓட முடியாததைவிட எனக்கு வலித்தது தொழுகைதான். மண்டியிட முடியவில்லை. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வயதானவர்கள் உட்காரும் வரிசை அது. தோளோடு தோள் நின்று தொழுதவனுக்கு அந்த நாற்காலி மலையளவு தூரத்தில் இருந்தது.

நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் படுத்துக்கொண்டே தொழலாம் என்பது சின்ன வயதிலேயே படித்ததுதான். மற்றவர்களுக்கான சலுகை என்றே அதுவரை நினைத்திருந்தேன் போல. பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் முதல் நாள் எதுவும் கேட்கவில்லை, என் நாற்காலியை வரிசைக்கு நேராக இழுத்துவிட்டார். ஸஜ்தாவுக்கு, அதாவது நெற்றியைத் தரையில் வைத்து வணங்கும் இடத்துக்கு, எவ்வளவு குனிந்தால் முட்டி வலிக்காது என்று செய்து காட்டினார். நெற்றி தரையில் படாத அந்த ஸஜ்தாக்களில் நான் அழுத அளவுக்கு அதற்கு முன்னால் அழுததில்லை.

முட்டி ஆறிவிட்டது, இப்போது மண்டியிட முடிகிறது. அந்தப் பெரியவர்களோடு பேசுவதற்காக இன்னும் கடைசி வரிசைப் பக்கம்தான் போகிறேன்.

மறுமொழி 3

இந்த மாதிரி நேரத்தில் மெப் கெஃப்ளெசிகியின் கதையைச் சொல்லி உற்சாகப்படுத்துவார்கள். எனக்கும் சொன்னார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் வெள்ளி வென்றவர், தன் இறைநம்பிக்கையை வெளிப்படையாகப் பேசுபவர். 2007 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு ஓட்டத்தில் எட்டாவதாக வந்தார், இடுப்பெலும்பில் முறிவு. அதே ஓட்டத்தில்தான் அவருடைய நண்பர் ரயன் ஷே சரிந்து விழுந்து இறந்துபோனார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தான் கனவு அங்கேயே முடிந்தது. ஆனால் 2009இல் நியூயார்க் மாரத்தானில் முதலிடம், 2014இல் பாஸ்டனில் முதலிடம்.

கதையை இப்படிச் சொல்லும்போது இடையில் இருக்கும் 2008 காணாமல் போய்விடுகிறது. 2008இல் அவருக்கு 2009 தெரியாது. மறுபடி ஓடுவோமா என்றே தெரியாமல்தான் அவர் அந்த நாட்களைக் கடந்திருப்பார். எனக்கு நம்பிக்கை தருவது அந்த வருடம்தான், வெற்றிகள் இல்லை. நான் இனி எந்த ஓட்டத்திலும் ஜெயிக்கப் போவதில்லை. குதிகால் தசைநாண் இரண்டாவது முறை அறுந்த பிறகு நீண்ட தூரம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீண்டு வந்து பதக்கம் வாங்கினால்தான் கடவுள் கூட இருந்தார் என்று ஆகிவிட்டால், என்னைப் போன்றவர்கள் எங்கே போவது? காலையில் நடக்கப் போகிறேன். அவர் கூடத்தான் இருக்கிறார்.

பதிவர்

மூன்று பேருக்கும் நன்றி. மூன்றாவது மறுமொழியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

பெரியவரைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தவர்களுக்கு: என் சிகிச்சை முடியும்போது அவர் கம்பியை விட்டு, ஒரு கையில் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தார். பாதம் அப்போதும் கொஞ்சம் உரசியது. நாங்கள் இன்னும் ஒருவர் காலுக்கு ஒருவர் வேண்டிக்கொள்கிறோம்.

இப்போது காயத்தோடு இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஓட முடியாது என்று தெரிந்ததும் அமைப்பாளர்களுக்கு அன்றைக்கே எழுதிவிடுங்கள். சில ஓட்டங்களில் இடத்தை அடுத்த வருடத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள், ஆனால் அதற்குக் கடைசித் தேதி இருக்கும். துக்கத்தில் அது கண்ணில் படாமல் போய்விடும். எண் அட்டை வீணாகிறதே என்று நண்பர்களிடம் கொடுத்து ஓடச் சொல்லாதீர்கள். அவர்கள் வழியில் மயங்கி விழுந்தால், மருத்துவக் குழு உங்கள் பெயரையும் உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் உங்கள் உடல்நல விவரத்தையும் வைத்துக்கொண்டுதான் அவர்களைப் பார்க்கும்.