நுரையீரலுக்கு மாத்திரை, முகத்தில் ஏன் பரு?

செண்பகம்: அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். புகைப்பழக்கமே இல்லாதவர். பரிசோதனை அறிக்கையில் 'இ.ஜி.எஃப்.ஆர். எக்ஸான் 19 டெலிஷன்' என்று இருக்கிறது. ஜெஃபிடினிப் மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரம் மூக்கைச் சுற்றியும் நெற்றியிலும் பருக்கள் கிளம்பிவிட்டன. உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடு என்கிறார் பெரியம்மா. நுரையீரலுக்குக் கொடுத்த மருந்துக்குத் தோலில் என்ன வேலை?

உயிர்வேதி ஆசிரியர்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் அம்மா. அறிக்கையில் உள்ள இ.ஜி.எஃப்.ஆர். என்பது ஓர் ஏற்பி, அதாவது வளர்ச்சிச் சேதியை வாங்க செல்லின் மேல் நிற்கும் புரதம். நுரையீரலை விடத் தோலுக்கும் இந்த ஏற்பிக்கும்தான் பழைய உறவு. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து 1962இல் அறிவித்தார் உயிர்வேதி அறிஞர் ஸ்டான்லி கோஹன். அதைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய இமைகள் ஒரு வாரத்திலேயே திறந்தன. இமைத்தோல் அவ்வளவு வேகமாக முதிர்ந்தது! அதுதான் இ.ஜி.எஃப்., அதாவது மேல்தோல் வளர்ச்சிக் காரணி; 53 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். அதைப் பற்றும் ஏற்பிதான் இ.ஜி.எஃப்.ஆர். 1986இல் ரீட்டா லெவி மொண்டால்சினியுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

செல்லுக்குச் சேதி சொல்ல இந்தப் புரதம் உள்ளே நுழைய வேண்டியதில்லை. செல் சவ்வில் தலை வெளியேயும் வால் உள்ளேயுமாக நிற்கும் ஏற்பியைப் பற்றினால் போதும். உடனே இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து, ஒன்றின் வாலில் மற்றொன்று பாஸ்பேட்டைப் பொருத்துகின்றன. அதைத் தொட்டு, செல்லுக்குள் சேதி கடத்தும் புரதங்களில் ஒன்றான ராஸ் விழிக்கிறது. ராஸ் ராஃபையும், ராஃப் மெக்கையும், மெக் எர்க்கையும் எழுப்புகின்றன. எர்க் உட்கருவுக்குள் போய், செல் பிரிவதற்கான மரபணுக்களை இயக்குகிறது. பிறகு செல் அந்த ஏற்பிகளை உள்ளே இழுத்துப் பலவற்றைச் சிதைத்துவிடும். இந்த அணைக்கும் ஏற்பாட்டை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் வியந்து சொல்வேன்.

'எக்ஸான் 19 டெலிஷன்' என்றால் அந்த ஏற்பிக்கான மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கிறது என்று பொருள். அதனால் உங்கள் அம்மாவின் கட்டியில் ஏற்பியே மாறிவிட்டது. வளர்ச்சிக் காரணி வராமலேயே அது சேதி அனுப்பிக்கொண்டிருக்கிறது. பாஸ்பேட் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு ஏற்பியில் அமரும் குழியில் ஜெஃபிடினிப் உட்கார்ந்து அதைத் தடுக்கிறது. மாறிய ஏற்பியைத்தான் அது அதிகம் பிடிக்கும். ஆனாலும் தோலிலும் மயிர்க்கால்களிலும் உள்ள நல்ல ஏற்பிகளும் ஓரளவு அடைபடுகின்றன. அதனால்தான் பரு.

செண்பகம்: அப்படியென்றால், பரு வந்தாலே மருந்து கேட்கிறது என்று நம்பலாமா ஐயா?

உயிர்வேதி ஆசிரியர்: அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. கட்டி சுருங்குகிறதா என்பதை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

வார்டு செவிலி: வழக்கமான முகப்பரு கிரீம்களைப் போடாதீர்கள், தோல் இன்னும் வறண்டுவிடும். வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பு தடவுங்கள், வெயிலில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பருவையும், வயிற்றுப்போக்கு இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைக்கேற்ப மருந்து தருவார். புதிதாக மூச்சுத்திணறலோ வறட்டு இருமலோ வந்தால், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே அழைத்துப் போங்கள்.